ஒரு கல்லுக்கு ஒரு முறிவுச் சுட்டி போதுமா?

மாத்தளை மாவட்டத்துத் தமிழ்மொழிமூலப் பாடசாலைகளின் விஞ்ஞான, பௌதிக ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

நாலந்தா

மதிப்புக்குரிய ஆசிரியர்களுக்கு,

உங்களோடு ஒரு சின்ன வழக்கு இருக்கிறது. ஒளிமுறிவுப் பாடம் வரும்போது கரும்பலகையில் ஓர் அட்டவணை போடுவீர்கள். நீருக்கு 1.33, கண்ணாடிக்கு 1.5, வைரத்துக்கு 2.42. பொருளுக்கு ஓர் எண். பிள்ளைகள் அதை மனனம் செய்து, சைன் விகிதம் போட்டு, புள்ளியும் வாங்கிக்கொண்டு போகிறார்கள். அட்டவணையில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அதிலுள்ள பொருட்கள் எல்லாம் பொறுக்கி எடுத்தவை. ஒளி எந்தப் பக்கமிருந்து வந்தாலும் ஒரே விதமாக நடத்துபவை. நாம் குடியிருக்கும் இந்த மண்ணில் அப்படிப்பட்டவை சிறுபான்மைதான். மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்கு ஏ9 வீதியில் போகிற வழியில் கிடக்கும் கற்களில் பெரும்பாலானவற்றுக்கு முறிவுச் சுட்டி ஒன்றல்ல. சிலவற்றுக்கு இரண்டு, சிலவற்றுக்கு மூன்று.

"பாடத்திட்டத்தில் இல்லையே" என்று நீங்கள் சொல்வது கேட்கிறது. பரீட்சைக் கணக்கைக் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு இதை வாசியுங்கள்.

மாத்தளைப் பக்கத்துச் சுண்ணாம்புச் சூளைகளுக்குப் போகும் வெள்ளைக் கல்லிலிருந்து தொடங்குகிறேன். புவியியலாளர் அதைப் பளிங்குருச் சுண்ணாம்புக்கல் என்பார்கள். கல்சைற்று, டொலமைற்று என்னும் இரண்டு கனிப்பொருள்களின் மணிகள் நெருங்கி இறுகிய கல் அது. நம் பக்கத்தில் டொலமைற்றுத்தான் அதிகம். புதிதாக உடைந்த துண்டு ஒன்றை வெயிலில் திருப்பிப் பாருங்கள். அரிசி அளவிலும் அதைவிடப் பெரிதாகவும் தட்டையான முகங்கள் மாறி மாறி மின்னும். ஒரு மணியை மட்டும் தனியே பிரித்தெடுத்தால் அது ஏறக்குறையத் தெளிவாகவே இருக்கும். அப்படியானால் முழுக்கல் ஏன் வெள்ளையாக, ஒளி ஊடுருவாததாக இருக்கிறது?

எல்லா மணிகளும் ஒரே பொருள்தானே, ஒன்றிலிருந்து மற்றதற்குப் போகும்போது ஒளி ஏன் முறிய வேண்டும் என்று ஒரு கெட்டிக்காரப் பிள்ளை கேட்டால், கரும்பலகை அட்டவணையில் அதற்குப் பதில் இல்லை. உண்மையான பதில் இதுதான்: ஒவ்வொரு மணியும் வேறு வேறு திசை பார்த்து உட்கார்ந்திருக்கிறது. கல்சைற்றின் முறிவுச் சுட்டி திசைக்கேற்ப 1.486 முதல் 1.658 வரை மாறும். டொலமைற்றுக்கு ஏறத்தாழ 1.50 முதல் 1.68 வரை. அதனால் ஒரு மணியின் எல்லையைத் தாண்டும் ஒளிக்கு, அடுத்த மணி அதே பொருளாக இருந்தும், வேறொரு பொருள் போலவே தெரிகிறது. எல்லைக்கு எல்லை கொஞ்சம் முறிந்து, கொஞ்சம் தெறித்து, சிதறிச் சிதறி வெள்ளையாக வெளியே வருகிறது. மணிகளுக்கிடையிலான நுண்வெடிப்புகளுக்கும் இதில் பங்கு உண்டு.

இதைச் சோதித்துப் பார்த்தவர்கள் கைத்தொழிற்சாலைக்காரர்கள். எல்லாத் திசையிலும் ஒரே சுட்டி கொண்ட ஸ்பினெல் தூளை நுண்துளை விடாமல் சுட்டு இறுக்கினால், ஆயிரமாயிரம் மணிகள் சேர்ந்தும் கண்ணாடிபோலத் தெளிந்த தகடு கிடைக்கிறது. நீலக்கல்லின் மூலப்பொருளான அலுமினாவை அதே கவனத்தோடு சுட்டால் கிடைப்பது பாற்கண்ணாடி போன்ற ஒன்றுதான். எல்.ஈ.டி. வருமுன் நம் வீதிகளில் மஞ்சளாக எரிந்த சோடியம் விளக்குகளின் உள்குழாய் அந்த அலுமினாவில் செய்ததே. நீலக்கல்லின் இரண்டு சுட்டிகளுக்கும் இடையிலான வேறுபாடு வெறும் 0.008. அவ்வளவு சிறிய வேறுபாடே தெளிவைக் கெடுக்கிறது என்றால், 0.17க்கு மேல் வேறுபாடுள்ள நம் சூளைக்கல்லைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது? ஒளி ஓர் ஊடகத்தில் வேகம் குறைவதற்குக் காரணம் அங்குள்ள இலத்திரன்கள். ஒளியின் மின்புலம் அவற்றை அசைக்கிறது. அவை எவ்வளவு இலகுவாக அசைகின்றனவோ அவ்வளவுக்கு ஒளி மெதுவாகப் போகிறது. கண்ணாடியில் அணுக்கள் ஒழுங்கின்றிக் கிடப்பதால் எந்தப் பக்கம் இழுத்தாலும் சராசரியில் ஒரே இணக்கம்தான். விறகை நாரின் வழியே பிளப்பதும் குறுக்கே பிளப்பதும் ஒன்றல்ல; பளிங்கின் கதையும் அப்படித்தான். கல்சைற்றில் ஒரு காபனும் மூன்று ஒட்சிசனும் சேர்ந்த தட்டையான முக்கோணங்கள் எல்லாம் ஒன்றுக்கொன்று சமாந்தரமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. முக்கோணத் தளத்துக்குள் மின்புலம் அசைந்தால் பக்கத்துப் பக்கத்து ஒட்சிசன்கள் ஒன்றையொன்று தூண்டிவிடுகின்றன, சுட்டி 1.658. தளத்துக்குச் செங்குத்தாக அசைந்தால் அந்த ஒத்தாசை இல்லை, சுட்டி 1.486. அணுக்களின் இடங்களை வைத்துக்கொண்டு இந்த இரண்டு எண்களையும் ஏறத்தாழக் கணக்கிட்டுக் காட்டியவர் லோரன்ஸ் பிராக், ஆண்டு 1924.

வேகத்தில் சொன்னால், ஒன்று செக்கனுக்குச் சுமார் 1,81,000 கிலோமீற்றர், மற்றது சுமார் 2,02,000 கிலோமீற்றர். ஒரே கல், ஒரே நிறம், ஒரே பாதை. அசையும் திசை மட்டும்தான் வேறு. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது ஓர் இடத்தில் கவனம் தேவை. முக்கியம் ஒளி போகும் திசை மட்டும் அல்ல, அதன் மின்புலம் அசையும் திசை. முக்கோணங்களுக்குச் செங்குத்தான அச்சு வழியாகவே ஒளி போனால், அதன் மின்புலம் எப்படி அசைந்தாலும் முக்கோணத் தளத்துக்குள்தான் இருக்கும். அங்கே ஒரே வேகம், இரட்டிப்பும் இல்லை. அதற்குப் பெயர் ஒளியியல் அச்சு. மற்ற எந்தத் திசையில் போனாலும் ஒளி இரண்டாகப் பிரியும். ஒன்றின் அசைவு மற்றதன் அசைவுக்குச் செங்குத்து.

தெளிந்த கல்சைற்றுத் துண்டு ஒன்று கிடைத்தால் புத்தகத்தின் எழுத்தின்மேல் வையுங்கள். எழுத்து இரண்டாகத் தெரியும். துண்டை மேசைமேலேயே வைத்துச் சுற்றினால் ஒரு பிம்பம் அசையாமல் நிற்கும். மற்றது அதைச் சுற்றி வரும். ஒரு சென்றிமீற்றர் தடித்த துண்டில் இரண்டுக்கும் இடைவெளி ஒரு மில்லிமீற்றருக்குச் சற்று அதிகம். நேர் செங்குத்தாக விழுந்த கதிர் முறியாமல் உள்ளே போகும் என்றுதானே படிப்பிக்கிறோம். இங்கே ஒன்று நேராகப் போக, மற்றது செங்குத்தாக விழுந்தும் ஆறு பாகைக்கு மேல் விலகிப் போகிறது. சைன் விதியை நம்பி வளர்ந்த கண்ணுக்கு இது அதிர்ச்சிதான்.

அந்த அதிர்ச்சி முதலில் 1669இல் கோபன்ஹேகனில் ராஸ்மஸ் பார்த்தோலினுக்கு வந்தது. கல் ஐஸ்லாந்திலிருந்து போனது. 1690இல் வெளிவந்த நூலில் ஹைகன்ஸ் இதற்கு அழகான விளக்கம் தந்தார்: கல்லுக்குள் ஒரு புள்ளியிலிருந்து இரண்டு அலைகள் கிளம்புகின்றன, ஒன்று கோளமாக, மற்றது தட்டையான கோளமாக விரிகிறது. வடிவக்கணிதம் துல்லியமாகப் பொருந்தியது. ஆனால் ஒரு கல்லைக் கடந்து வந்த கதிர் இரண்டாவது கல்லில் ஏன் சில நிலைகளில் பிரிய மறுக்கிறது என்பதற்குத் தம்மிடம் விளக்கம் இல்லை என்று அவரே எழுதிவிட்டார். ஒலியைப்போல ஒளியும் நெட்டாங்கு அலை என்று எண்ணியிருந்ததால் வந்த தடை அது. குறுக்கலை என்று பிரெனல் நிலைநாட்டியபின், 1820களில்தான் அந்த முடிச்சு அவிழ்ந்தது. கிட்டத்தட்ட நூற்றைம்பது ஆண்டுகள் ஒரு கல் பெரிய பெரிய மூளைகளையெல்லாம் காக்க வைத்திருக்கிறது. ஒளி குறுக்கலை என்பதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகும்போது இந்தக் கதையையும் சேர்த்துச் சொன்னால் என்ன?

இனி நம் அயலுக்கு வருவோம். நாலந்தாவுக்குக் கிழக்கே அம்பன் கங்கையை ஒட்டி எலஹெர இரத்தினக்கல் வயல் கிடக்கிறது. அங்கே இல்லம் என்னும் இரத்தினக்கல் சரளையைக் கழுவி எடுக்கும் கற்களை வகை பிரித்தால் என் வழக்கு தானாகவே வெல்லும். ஸ்பினெல், கார்னெற்று இரண்டும் கனசதுர ஒழுங்கு, ஒரே சுட்டி. நீலக்கல், சேர்க்கோன், தோரமல்லி ஆகியவற்றுக்கு இரண்டு சுட்டி. வைடூரியம், சிங்களைற்று, அயோலைற்று ஆகியவற்றுக்கு மூன்று. ஒளியியல் அச்சும் ஒன்றுக்குப் பதில் இரண்டு.

கல் வெட்டுகிறவர்கள் இதைப் பாடமாகப் படிக்காமலே கையாளுகிறார்கள். நீலக்கல்லை அச்சு வழியே பார்த்தால் நல்ல நீலம்; குறுக்கே பார்த்தால் பச்சை கலந்த நீலம். உறிஞ்சும் அளவும் திசைக்கேற்ப மாறுவதால் வரும் வித்தை இது. ஆகவே கல்லின் மேல்முகத்தை அச்சுக்குச் செங்குத்தாக வைத்து வெட்டுவார்கள். எடை கொஞ்சம் போனாலும் பரவாயில்லை, நிறம்தான் விலை. பேருவளை வியாபாரிகள் தமிழில் பேசித்தான் கல் பார்க்கிறார்கள். அவர்கள் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதில் எவ்வளவு பௌதிகம் இருக்கிறது என்பதை நம் வகுப்பறைகள் கண்டுகொண்டதில்லை. சேர்க்கோனை உருப்பெருக்கியால் மேல்முகம் வழியாகப் பார்த்தால், அடிப்பக்கத்து விளிம்புக் கோடுகள் இரட்டிப்பாகத் தெரியும். அதன் சுட்டிகள் 1.925, 1.984. வைரம் என்று சொல்லி விற்ற மாத்தறைச் சேர்க்கோன் எத்தனையோ அந்த இரட்டைக் கோட்டில் பிடிபட்டிருக்கும். வைரத்தில் கோடு ஒன்றுதான்.

இரட்டைக் கோடு ஒரு புதிய கனிப்பொருளையே காட்டிக்கொடுத்த கதை ஒன்றும் உண்டு. 1945இல் டப்ளின் நகரில் ரிச்சர்ட் டாஃபே என்பவர் ஒரு நகைக்கடைக்காரரிடமிருந்து வாங்கிய பழைய கற்களை உருப்பெருக்கியால் பார்த்துக்கொண்டிருந்தார். இளம் ஊதாக் கல் ஒன்று எல்லா விதத்திலும் ஸ்பினெல் மாதிரியே இருந்தது. ஒரு குறைதான்: அதில் கோடுகள் இரட்டிப்பாகத் தெரிந்தன. ஸ்பினெலில் அது நடக்கவே முடியாது. அந்த ஊதாக் கல்லின் இரண்டு சுட்டிகளும் 1.719, 1.723 அளவில், வேறுபாடு 0.004 தான். சேர்க்கோனில் இதைப்போல் பதினைந்து மடங்கு. இலண்டனுக்கு அனுப்பிச் சோதித்தபோது அது யாரும் அறியாத கனிப்பொருள் என்று தெரிந்தது. இன்று டாஃபெயிற்று என்கிறோம். பட்டை தீட்டிய கல்லிலிருந்து முதன்முதலாகக் கண்டறியப்பட்ட கனிப்பொருள் அது. பின்னர் அதே கனிப்பொருள் இலங்கைக் கற்களில் அடையாளம் காணப்பட்டது. சிங்களைற்றின் கதையும் தூரமில்லை. 1952 வரை அதைப் பழுப்பு நிறப் பெரிடொட் என்றே எண்ணி வந்தார்கள். இரட்டை முறிவின் அளவு இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்று, 0.038உம் 0.036உம். ஆனால் மூன்று சுட்டிகளில் நடுச்சுட்டி விழும் இடம் வேறு.

எனக்கு மிகவும் பிடித்தது இன்னொரு கல்: இலங்கையின் பச்சைச் சேர்க்கோன். அதற்குள் சிறிதளவு யுரேனியமும் தோரியமும் உண்டு. ஐம்பது கோடி ஆண்டுகளுக்கு மேலாக அவை சிதைந்து சிதைந்து, தாம் குடியிருந்த அணு ஒழுங்கையே குலைத்துவிட்டன. வெளியே பார்க்க அழகான பளிங்கு. உள்ளே கண்ணாடியைப் போன்ற குழப்பம். சுட்டி 1.8 வரை இறங்கிவிடும். இரட்டை முறிவு ஏறக்குறைய மறைந்துவிடும். ஒழுங்கு போனால் திசையும் போகிறது. திசை என்பது அணுவில் இல்லை, அடுக்கில் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி ஆய்வுகூடத்தில் செய்து காட்டுவதும் கடினம்.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லும்போது இரண்டு பெயர்களை விட்டுவிடாதீர்கள். ஒன்று ஆனந்த குமாரசுவாமி. நடராசர் பற்றி எழுதிய கலையறிஞராகவே அவரை நம் பாடநூல்கள் அறிமுகம் செய்கின்றன. அவர் முதலில் புவியியலாளர். 1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் முதல் பணிப்பாளர். பின்னர் தோரியனைற்று எனப் பெயர் பெற்ற கனிப்பொருளை முதலில் விவரித்தவர். 1902இல் இலண்டன் புவியியற் சங்கத்தின் காலாண்டிதழில் அவர் எழுதியது நம் சூளைக்கல்லின் இனத்தைப் பற்றித்தான்: இலங்கையின் பளிங்குருச் சுண்ணாம்புக்கற்கள். அந்தத் துறையின் கருவி முனைவாக்க நுணுக்குக்காட்டி. கல்லை 0.03 மில்லிமீற்றர் தடிப்புக்குத் தேய்த்து, குறுக்காக வைத்த இரண்டு முனைவாக்கிகளுக்கு நடுவே வைத்துப் பார்ப்பது. ஒளி உள்ளே இரண்டாகப் பிரிந்து, ஒன்று பின்தங்கி, வெளியே வந்து மறுபடி சேரும்போது நிறம் பிறக்கிறது. குவாட்ஸில் பின்தங்கல் 270 நனோமீற்றர் அளவு. வெளிறிய சாம்பல், வெள்ளை தெரியும். கல்சைற்றில் 5,000 நனோமீற்றரையும் தாண்டும். நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து முத்துவெள்ளையாகிவிடும். கார்னெற்று மட்டும் எப்படித் திருப்பினாலும் இருட்டாகவே இருக்கும்.

மற்றவர் சி. வி. ராமனின் மருமகன் பஞ்சரத்தினம். 1832இல் ஹமில்டன், இரட்டை அச்சுள்ள பளிங்கில் ஒரு குறிப்பிட்ட திசையில் ஒரு மெல்லிய கதிர் கூம்பாகவே விரிய வேண்டும் என்று தாளில் கணக்குப் போட்டார். சில வாரங்களில் லொயிட் அதை அரகனைற்றில் கண்ணால் பார்த்தார். ராமன் 1940களின் தொடக்கத்தில் அதே கூம்பை நப்தலீன் பளிங்கில் பெரிதாகக் காட்டினார். ஆம், அலுமாரியில் போடும் பூச்சி உருண்டையின் நப்தலீன்தான். அந்தப் பட்டறையில் வளர்ந்த பஞ்சரத்தினம், பெங்களூரில் ராமன் ஆய்வு நிறுவனத்தில் அயோலைற்றை எடுத்துக்கொண்டார். இலங்கை இல்லத்திலும் கிடைக்கும் அதே அயோலைற்று. ஒரு பக்கம் ஊதாநீலம், ஒரு பக்கம் வெளிர்நீலம், இன்னொரு பக்கம் மங்கிய மஞ்சள். வேகமும் உறிஞ்சலும் இரண்டுமே திசைக்குத் திசை மாறும் அப்படியான கல்லில் ஒளி எப்படிப் போகும் என்று 1955இல் எழுதினார். சில தனித் திசைகளில் இரண்டு அலைகளும் ஒன்றாகிவிடுகின்றன என்பதைச் சோதனையில் காட்டினார். அந்தக் கல்லில் தெரிந்த கோலங்களை விளக்கப் புறப்பட்டு, 1956இல், 22 வயதில், முனைவாக்கத்தை ஒரு சுற்றுச் சுற்றி மீட்டு வந்தால் ஒளிக்கு ஒரு கட்ட வேறுபாடு மிஞ்சும் என்று கண்டார். மைக்கேல் பெரி 1984இல் குவாண்டம் பொறிமுறையில் இதேபோன்ற ஒன்றைக் கண்டு உலகப் புகழ் பெற்றார். பஞ்சரத்தினத்தின் வேலையை அறிந்ததும் 1987இல் அதைப் பற்றி மதிப்போடு எழுதினார். பஞ்சரத்தினம் அதைப் பார்க்கவில்லை. 1969இல், 35 வயதில் ஒக்ஸ்போர்ட்டில் காலமாகிவிட்டார். இன்று அந்தக் கட்ட வேறுபாட்டை இரண்டு பேரின் பெயராலும் அழைக்கிறார்கள்.

வகுப்பில் என்ன செய்யலாம்? செலவு பெரிதில்லை. ஒரு போலரைஸ்ட் கறுப்புக் கண்ணாடியும் ஒரு மடிக்கணினித் திரையும் போதும். திரையிலிருந்து வரும் ஒளி ஏற்கெனவே முனைவாக்கம் பெற்றது. கண்ணாடியைத் திருப்பினால் ஓரிடத்தில் திரை கறுத்துப்போகும். அந்த இருட்டில், திரைக்கும் கண்ணாடிக்கும் நடுவே, தெளிவான பிளாஸ்ரிக் அடிமட்டம் ஒன்றை நுழையுங்கள். நிறக் கோலம் வரும். வார்க்கும்போது உள்ளே சிக்கிய இறுக்கம் பிளாஸ்ரிக்குக்கும் திசை கொடுத்திருக்கிறது. பிறகு மைக்கா. நம் மாவட்டத்து மைக்கா பெரும்பாலும் புளோகோபைற்று வகை. அதன் தகட்டை நேராகப் பிடித்தால் இருட்டு அவ்வளவாகக் கலையாது, ஏமாந்துவிடாதீர்கள். அதன் ஒளியியல் அச்சுகள் தகட்டுக்கு ஏறக்குறையச் செங்குத்தாக நிற்பதால் நேரே பார்க்கும் ஒளிக்கு இரண்டு வேகங்களும் கிட்டத்தட்ட ஒன்றே. மெல்லச் சாயுங்கள். நிறம் எழும். ஒளியியல் அச்சு என்றால் என்ன என்று அரை மணிநேரம் பேசுவதைவிட இந்தச் சாய்ப்பு மேல்.

பிள்ளைகளை நாலந்தாவுக்குச் சுற்றுலா கூட்டிவருகிறவர்கள் கெடிகேயைக் காட்டிவிட்டுத் திரும்பிவிடுகிறீர்கள். போவத்தென்ன நீர்த்தேக்கத்துக்காகக் கல் கல்லாகக் கழற்றி மேட்டில் மறுபடி கட்டிய அந்தக் கோயிலைப் பார்க்க வேண்டியதுதான். (கல்லைப் பார்க்கலாம், ஒரு சில்லுகூட எடுக்க நினைக்காதீர்கள், தொல்லியல் திணைக்களம் பௌதிகத்தைச் சமாதானமாக ஏற்காது.) அப்படியே நீர்ப்பரப்பையும் அதே கறுப்புக் கண்ணாடியால் பார்க்க வையுங்கள். சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 37 பாகை உயரத்தில் நிற்கும் நேரத்தில், நீரில் தெறிக்கும் பளபளப்பு கண்ணாடி வழியே ஏறக்குறைய அணைந்துபோகும்; தலையைப் பக்கவாட்டில் சாய்த்தால் திரும்ப வரும். சூரியனை நேரே பார்க்க விடாதீர்கள். 1808இல் பாரிஸில் மாலுஸ் என்பவர், லக்சம்பர்க் மாளிகை யன்னலில் தெறித்த மாலை வெயிலைக் கல்சைற்றால் பார்த்தபோது இரண்டு பிம்பங்களும் ஒரே பிரகாசமாக இல்லை என்று கண்டதும் இதே விடயம்தான்.

மைக்கா கிடைக்கவில்லை, கல்சைற்றும் கிடைக்கவில்லை என்று யாரும் கைவிட வேண்டாம். குளிர்சாதனப் பெட்டி இருக்கும் வீட்டில் தட்டையான பிளாஸ்ரிக் மூடி ஒன்றில் மெல்லிசாக நீர் ஊற்றி உறைய வையுங்கள். உறைந்ததைக் கழற்றி எடுத்து, கறுத்த திரைக்கும் கண்ணாடிக்கும் நடுவே பிடியுங்கள். மூடியோடு பிடிக்காதீர்கள், பிளாஸ்ரிக்கின் நிறம் குழப்பிவிடும். ஐஸ் மணி மணியாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் வேறு வெளிச்சத்தில், தடிப்பு இருந்தால் வேறு நிறத்தில் தெரியும். ஐஸுக்கு இரண்டு சுட்டி, 1.309உம் 1.310உம், வேறுபாடு 0.0014 அளவே. அது உருகத் தொடங்கியதும் நிறங்கள் ஒவ்வொன்றாக அணையும். அப்போது நீருக்கு 1.33 என்று கரும்பலகையில் எழுதுங்கள். பக்கத்தில் ஐஸுக்கு இரண்டு எண்களையும் எழுதிவிட்டு, கல்சைற்றுக்கு ஒரு வரி இடம் விடுங்கள்.

அன்புடன்,
நாலந்தாவிலிருந்து உங்கள் வாசகன்